ஆட்டுத் தோலுக்கும் ஒரு செலக்‌ஷன் உண்டு

இந்த வாரம் தபால் பை முழுக்க ஒரே அழுகை: "என் கணக்கை முடக்கிட்டாங்க!" முக்கால்வாசிப் பேர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தொழிலும் ஊரும் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஷூ கடைக்காரர், ஆம்பூர்: ரம்ஜான் ஸ்டாக் வந்திருக்கிறது என்று 400 பேருக்கு ஒரே ராத்திரியில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். விடிந்தால் கணக்கு இல்லை. நான் என்ன மோசடிக்காரனா?

இல்லை பாய். ஆனால் மோசடிக்காரனும் 400 பேருக்குத்தான் அனுப்புகிறான், அவனும் ராத்திரியில்தான் அனுப்புகிறான், அவன் செய்தியிலும் ஒரு விலையும் ஒரு லிங்க்கும்தான் இருக்கும். எந்திரத்துக்கு உங்கள் முகம் தெரியாது, நடைதான் தெரியும். இருட்டில் நடையை வைத்துத் திருடனைப் பிடிக்கிற தெருவில், அவசரத்துக்குக் கொல்லைப்பக்கம் போனவரும் மாட்டிக்கொள்வார்.

அவருடைய பக்கத்துக் கடைக்காரர், ஆம்பூர்: வாட்ஸ்அப் செய்தியை யாருமே படிக்க முடியாது என்கிறார்களே. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உறையைப் பிரிக்காமலே கடிதத்தைச் சந்தேகப்படலாம். வாட்ஸ்அப் நிறுவனமே வெளியிட்ட விளக்கப்படி மூன்று இடத்தில் கண் வைக்கிறார்கள். கணக்குத் தொடங்கும்போது ஒன்று. செய்தி அனுப்பும் வேகத்திலும் விதத்திலும் இரண்டாவது. பெறுபவர்கள் பிளாக் செய்வது, புகார் கொடுப்பது மூன்றாவது. யாராவது புகார்ப் பொத்தானை அழுத்தினால், உங்களிடமிருந்து அவருக்கு வந்த கடைசி ஐந்து செய்திகள் கம்பெனிக்குப் போய்விடும். ஆக, உங்கள் 400 பேரில் கடன் பாக்கி வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பொத்தானை அழுத்த அவர்களுக்குத்தான் கை துறுதுறுக்கும்.

பெல்ட், பர்ஸ் மொத்த வியாபாரி, வாணியம்பாடி: அப்படியானால் வாடிக்கையாளருக்குச் செய்தியே அனுப்பக் கூடாதா?

தாராளமாக அனுப்பலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு தடவைக்கு 256 பேரைச் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். அந்த ஏற்பாட்டிலேயே ஒரு மரியாதை இருக்கிறது: உங்கள் பெயரை எழுதி வைத்துக்கொள்ளாத வீட்டுக்குள் நீங்கள் நுழைவதில்லை. எண்களை விலைக்கு வாங்கி, 'பல்க் சென்டர்' மென்பொருளில் போட்டு ஆட்டினால் அது வியாபாரம் இல்லை. அடுத்த வீட்டுக் கதவை 400 தடவை தட்டுவது.

கல்லூரி மாணவர், வேலூர்: நான் ஜிபி வாட்ஸ்அப் பயன்படுத்துகிறேன். எனக்கும் ஆபத்தா?

கள்ளச் சாவியில் பூட்டைத் திறந்துவிட்டு, பூட்டுக்காரன் முறைக்கிறானே என்று கேட்கிறீர்கள். கம்பெனி அனுமதிக்காத செயலியில் நுழைந்தால் முடக்கலாம் என்பது வெளிப்படையான விதி. உங்களை இந்த வாரப் 'பாதிக்கப்பட்டோர்' பட்டியலில் சேர்க்க மாட்டேன், தம்பி.

கணக்கு ஆசிரியர், குடியாத்தம்: மொத்தம் எத்தனை கணக்குகளை முடக்குகிறார்கள்? ஏதாவது புள்ளி விவரம்?

உங்களைப் போன்றவருக்காகவே ஒரு கணக்கு. 2021 தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகளின்படி வாட்ஸ்அப் வெளியிட்ட முதல் மாத அறிக்கை: 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை இந்தியாவில் முடக்கியவை சுமார் 20 லட்சம் கணக்குகள். அதில் 95 சதவீதத்துக்கு மேல், எந்திரம் வைத்தோ மொத்தமாகவோ செய்தி அனுப்பியதற்காக. அதே காலத்தில் 'என் கணக்கைத் திருப்பிக் கொடு' என்று குறைதீர் அலுவலருக்கு வந்த மனுக்கள் 204. அதாவது பத்தாயிரத்துக்கு ஒருவர். செயலிக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்டவர்கள் இதில் சேரவில்லை என்றாலும், பாக்கிப் பேருக்கு அப்படி ஓர் அலுவலர் இருப்பதே தெரிந்திருக்காது என்றுதான் என் சந்தேகம்.

இப்போது வீட்டுப்பாடம். ஒரு சல்லடை ஆயிரத்துக்கு ஒரு தடவைதான் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் அதற்கு 99.9 மார்க். ஆனால் 20 லட்சத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 2,000 பேர். ஒரு பெரிய ஷூ கம்பெனியின் கேட்டைத் திறந்துவிட்டால் வெளியே வரும் கூட்டம் அது. மார்க் ஷீட்டில் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இவ்வளவு பேர்.

குடும்பத் தலைவி, காட்பாடி: இவ்வளவு கெடுபிடி தேவையா? எல்லாரையும் விட்டுத் தொலைக்கலாமே?

அம்மா, 2018-ஐ நினைத்துப் பாருங்கள். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று நம் வட்டாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. அந்த மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மையார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கடத்தல்காரி என்று ஊர் கூடி அடித்ததில் அவர் உயிர் போனது. நாடெங்கும் இப்படி உயிர்கள் போன பிறகுதான், அந்த ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2025-இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும், மோசடி மையங்களோடு தொடர்புடைய 68 லட்சம் கணக்குகளை உலக அளவில் நீக்கியதாக அதே நிறுவனம் சொன்னது. சல்லடை வேண்டும். சல்லடை பிடிக்கிற கைக்கு ஒரு முகவரியும் வேண்டும். என் சண்டை இரண்டாவதற்குத்தான்.

பர்ஸ் தைப்பவர், ஆம்பூர்: மாட்டுத் தோலில் குரோக்கோ பிரிண்ட் போட்ட பர்ஸின் படத்தை ஒரு தளத்தில் ஏற்றினேன். 'தடை செய்யப்பட்ட விலங்கு' என்று பதிவையே தூக்கிவிட்டார்கள். எங்க ஊர்ப் பாலாற்றில் தண்ணியே இல்லை, முதலைக்கு எங்கே போவேன்?

உங்களுக்கு ஒரு பாராட்டு விழாவே எடுக்கலாம்! அழியும் நிலையில் உள்ள விலங்கின் தோலை விற்கக் கூடாது என்பது நல்ல விதி. இரும்புத் தகட்டை வைத்து அழுத்திப் பசு மாட்டை முதலையாக்கிய உங்கள் கைவண்ணம், கோடிக்கணக்கான படங்களைப் படித்த எந்திரத்தையே ஏமாற்றிவிட்டது. அடுத்த முறை படத்துக்குக் கீழே முதல் வரியிலேயே 'மாட்டுத் தோல், பிரிண்ட் மட்டும்' என்று எழுதுங்கள். எந்திரம் படிக்காவிட்டாலும், மறுபரிசீலனைக்கு ஒரு மனிதர் வந்தால் படிப்பார்.

தமிழாசிரியை, ராணிப்பேட்டை: நல்ல சொல்லைக்கூடக் கெட்ட சொல் என்று எந்திரம் தள்ளிவிடுகிறதே?

இது புது நோய் இல்லை, டீச்சர். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அந்த ஊர்ப் பெயரின் நடுவில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்று தற்செயலாக உட்கார்ந்திருந்ததுதான் காரணம். பீர்க்கங்காயின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வது மாதிரி. இன்றைக்கும் இந்த வகைத் தவறுக்குக் கணினிக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள். வாணியம்பாடியில் ஒரே வாக்கியம் உருதுவில் தொடங்கி, தமிழில் நடந்து, ஆங்கிலத்தில் முடியும். அதை எந்திரத்திடம் கொடுத்தால் அது பாவம், யாரைப் பொத்தும்?

ஓய்வு பெற்ற டேனரி (தோல் பதனிடும் ஆலை) மேஸ்திரி, பேரணாம்பட்டு: 1996-இல் எங்க டேனரிகளையும் கோர்ட்டு இப்படித்தானே மொத்தமாகப் பிடித்தது? நல்லவன் கெட்டவன் பார்த்தார்களா?

அனுபவசாலி கேள்வி. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது உண்மை. 'கெடுதல் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டியவன் தொழில் நடத்துபவன்தான்' என்று நிரூபிக்கும் பாரத்தை உங்கள் தோளில் ஏற்றியதும் உண்மை. இன்றைக்குச் சமூக ஊடகக் கம்பெனியும் அதையேதான் செய்கிறது: 'நீ ஸ்பேம் இல்லை என்று நீயே நிரூபி.'

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள், மேஸ்திரி. அங்கே ஐந்து வருஷம் வழக்கு நடந்தது. நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். டேனரிகளின் தரப்பைச் சொல்ல வக்கீல்கள் இருந்தார்கள். தீர்ப்பில் காரணம் பக்கம் பக்கமாக இருக்கிறது. நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்துகொள், அல்லது சொந்தமாக ஏற்பாடு செய், பிறகு நடத்து என்று திரும்பி வரும் வழியும் இருந்தது. அப்படியும் ஆறு பிழைத்ததா என்றால், 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட விவசாயியின் காத்திருப்புக்கு முன்னால் நம் கணக்கு முடக்கம் கொசுக்கடிதான். என்றாலும் ஆற்றைக் கெடுத்தவனுக்குக் கிடைத்த விசாரணை, ஆஃபர் மெசேஜ் அனுப்பியவனுக்குக் கிடைப்பதில்லை என்பது வேடிக்கைதான்.

ஆய்வகப் பணியாளர், வேலூர்: கணக்கு முடங்கியதற்காக உச்ச நீதிமன்றத்துக்கே போனவர்கள் உண்டா?

உண்டு. 2025 அக்டோபர் 10. மருத்துவத் தொழிலில் இருப்பவர்கள், பத்து வருஷத்துக்கு மேல் நோயாளிகளோடு பேச வைத்திருந்த வாட்ஸ்அப் கணக்கு காரணம் சொல்லாமல் முடக்கப்பட்டதாக மனுப் போட்டார்கள். வாட்ஸ்அப் வைத்திருப்பது என்ன அடிப்படை உரிமையா என்று கேட்ட நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, உள்நாட்டுச் செயலியான 'அரட்டை'யைப் பயன்படுத்தலாமே என்று யோசனையும் சொன்னது. மனு திரும்பப் பெறப்பட்டது.

டெல்லியில் உட்கார்ந்து இரண்டு நீதிபதிகள் ஒரு தமிழ்ச் சொல்லைச் சிபாரிசு செய்தார்களே என்று எனக்கும் காது குளிர்ந்தது. அந்தச் செயலியை உருவாக்கிய ஸோஹோவுக்கும் குளிர்ந்திருக்கும். ஆனால் கடைச் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சொல்கிறவரிடம் பக்கத்துத் தெருவில் நல்ல கடை காலி இருக்கிறது என்றால் எப்படி? வாடிக்கையாளர் எல்லாரும் பழைய தெருவில்தானே நிற்கிறார்கள். அரட்டையும் நாளைக்கு 50 கோடிப் பேருக்கு வளர்ந்தால் அங்கேயும் ஸ்பேம் வரும், அங்கேயும் சல்லடை வரும்.

சட்டக் கல்லூரி மாணவி, வேலூர்: சர்க்கார் முடக்குவதற்கும் கம்பெனி முடக்குவதற்கும் என்ன வித்தியாசம்?

சர்க்கார் பூட்டுக்கு ஒரு கதவாவது உண்டு. 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளத்தைச் சர்க்கார் முடக்கியது. அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்த பிறகு தளத்தைத் திறந்துவிடும்படி மார்ச் 6 அன்று உத்தரவு வந்தது. அது சரியா தப்பா என்று வாதாடலாம், ஆனால் வாதாட ஓர் இடம் இருந்தது. தனியார் கம்பெனி பூட்டினால் ரிட் மனு அவ்வளவு சுலபமாக எடுபடாது. 'எங்கள் வீடு, எங்கள் விதி' என்பார்கள். கோடிப் பேர் குடியிருக்கும் இடத்தை வீடு என்று சொல்லலாமா என்பதை நீங்கள் வக்கீலான பிறகு கேளுங்கள். சீக்கிரம் பாஸ் பண்ணுங்கள்.

முதலில் எழுதிய அதே ஷூ கடைக்காரர், ஆம்பூர்: கிண்டலெல்லாம் சரி. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

மன்னிக்கவும் பாய், வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: செயலிக்குள்ளேயே 'மறுபரிசீலனை' கேளுங்கள். திட்ட வேண்டாம். என்ன தொழில், யாருக்கு, ஏன் அனுப்பினீர்கள் என்று நாலு வரி போதும்.

இரண்டு: அது பலிக்காவிட்டால் அந்தக் கம்பெனியின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள ஒவ்வொரு சமூக ஊடகக் கம்பெனியும் இந்தியாவில் குடியிருக்கும் அப்படி ஒருவரை வைத்து, பெயரையும் முகவரியையும் தளத்தில் போட வேண்டும் என்பது 2021 ஐ.டி. விதி. புகார் வந்தது என்று 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். அந்த ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். தானாக முன்வந்து நீக்கும் பெரிய தளம் பயனருக்கு முன்னதாகவே காரணம் சொல்லி, மறுக்க வாய்ப்பும் தர வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. அந்த வரியை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

மூன்று: அங்கேயும் நியாயம் இல்லையா? 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போங்கள். 2023 ஜனவரியில் அமைத்த மூன்று குழுக்கள் இருக்கின்றன. எல்லாம் இணையத்திலேயே நடக்கும், டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். அவர்களும் 30 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது விதி.

நான்கு: ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்க்ரீன்ஷாட். வாய் வார்த்தையை ஆம்பூர் நம்பும், குழு நம்பாது.

மொபைல் ரிப்பேர் கடைக்காரர், மேல்விஷாரம்: 'ஐயாயிரம் கொடுங்கள், முடங்கிய கணக்கை ஒரே நாளில் மீட்டுத் தருகிறேன்' என்று ஒருவர் வருகிறார். நம்பலாமா?

ஐயாயிரத்தோடு ஓடிபி-யையும் கேட்பாரே? அப்போது மீட்கப்படுவது கணக்கு இல்லை, உங்கள் பணம், அதுவும் அவருக்கு. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

புதிதாக சிம் வாங்கியவர், ஜோலார்பேட்டை: நான் இன்னும் ஒரு 'குட் மார்னிங்' கூட அனுப்பவில்லை. அதற்குள் என் எண் முடக்கப்பட்டிருக்கிறது!

போன ஜென்மத்துப் பாவம். சாட்சாத் போன ஜென்மம்தான். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்துத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கின்றன. முந்தைய சொந்தக்காரர் செய்த வேலைக்கு நீங்கள் தண்டனை அனுபவிக்கிறீர்களோ என்னவோ. சிம் வாங்கிய தேதியைச் சொல்லி மறுபரிசீலனை கேளுங்கள். கர்மாவுக்கு அப்பீல் இருக்கும் ஒரே இடம் இதுதான்.

இன்ஸ்டாகிராமில் சமையல் படம் போடும் பெண், சத்துவாச்சாரி: ஸ்பேம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடக் கேவலமான குற்றம் சாட்டி முடக்குகிறார்களாமே?

ஆமாம். 2025-இல் பல நாடுகளில் சாதாரணக் குடும்பஸ்தர்களின் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் கணக்குகள் குழந்தைகள் பாதுகாப்பு விதியை மீறியதாகத் தவறாக முடக்கப்பட்டன. பிபிசி விசாரித்த பிறகு சில திறக்கப்பட்டன. அதே கோடையில் பேஸ்புக் குழுக்கள் சில முடங்கியதற்கு 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டுக்கும் உரிமையாளரான மெட்டா ஒப்புக்கொண்டது. ஸ்பேம் என்ற முத்திரை வியாபாரத்தைக் கெடுக்கும். இந்த முத்திரை மானத்தைக் கெடுக்கும். குற்றம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கே தெரியும்.

பக்தர், வேலூர்: மேல்முறையீடு போட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

நம் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரரைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். சாமி இல்லாத கோயில் என்று பல தலைமுறை வேலூரைக் கேலி செய்தது. லிங்கம் உங்கள் பக்கத்துச் சத்துவாச்சாரியில் இருந்தது. தொல்லியல் துறை ஒரு பக்கம் நிற்க, 1981-இல்தான் அவர் சொந்த இடத்துக்குத் திரும்பினார். அவருக்கே அவ்வளவு காலம் என்றால்... நீங்கள் மட்டும் ஞாபகக் கடிதம் போடுவதை நிறுத்தாதீர்கள்.

செலக்‌ஷன் பார்ப்பவர், ஆம்பூர்: நாங்களும் தினமும் ஆயிரக்கணக்கான தோலைக் கழிக்கிறோம். எங்கள் மேல் யாரும் வழக்குப் போடவில்லையே?

உங்கள் மேசையைத்தான் அந்தக் கம்பெனிகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். பச்சைத் தோல் ரோமத்தோடு வரும்போது எது நல்லது என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தொட்டி தாண்டி, ரோமம் போய், குரோமில் பதனிட்ட ஈர நீலத் தோலாக ('வெட் ப்ளூ') ஆன பிறகுதான் உண்ணிக் கடி, கத்தி வெட்டு, முள் கீறல் எல்லாம் வெளியே வரும். நீங்கள் வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவிப் பார்த்து, முதல் செலக்‌ஷன், இரண்டாம் செலக்‌ஷன் என்று அடுக்குகிறீர்கள். கீறல் இருந்தால் தூக்கி எறிவதில்லை. மேல்தோலுக்கு ஆகாதது லைனிங்குக்கு ஆகும். தரம் தப்பு என்றால் பார்ட்டி நேரில் வந்து, "இதை எப்படி அஞ்சாவதுல போட்டீங்க?" என்று உங்கள் எதிரில் நின்று கத்துவார். நீங்களும் மறுபடி தடவிப் பார்த்து, சில சமயம் மாற்றி அடுக்குவீர்கள்.

சமூக ஊடகத்தின் மேசையில் பெரும்பாலும் இரண்டே அடுக்கு: உள்ளே, வெளியே. கத்த வந்த பார்ட்டிக்கு எதிரில் ஆளே இல்லை. 'வேகத்தைக் குறை', 'இரண்டு நாள் இரு', 'அடையாளம் காட்டு' என்று நடு அடுக்குகள் சில தளங்களில் இருக்கின்றன. அவற்றை அதிகமாக்குவதும், மேசைக்குப் பின்னால் ஒரு மனிதரை உட்கார வைப்பதும் ராக்கெட் விடும் வேலை இல்லை. செலவு, அவ்வளவுதான்.

மளிகைக் கடை அம்மா, ஆற்காடு: எங்க கடைக்கு மூணாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். நான் முன்னெச்சரிக்கையாக என்ன செய்யணும்?

ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா. முக்கியமான வாடிக்கையாளர் பெயர், எண், ஊர். கணக்கு அவர்களுடையது, நோட்டு உங்களுடையது.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண், மாதனூர்: இது பன்னிரண்டாவது கார்டு. ஏன் பதில் போடவில்லை?

கடைசியாக என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே கையெழுத்தில், ஒரே கேள்வியோடு, ஒரே நாளில் பதினொரு கார்டு வந்தது. எவரோ விளையாடுகிறார்கள் என்று பதினொன்றையும் குப்பைக் கூடையில் போட்டேன். பன்னிரண்டாவதில்தான் விவரம் இருந்தது: ஒரே லைனில் வேலை செய்யும் பதினொரு பேர், அதில் ஒருத்திக்குத்தான் கையெழுத்து அழகு, அவளே எல்லாருக்கும் எழுதியிருக்கிறாள்.

அவர்கள் கேள்வி இதுதான்: தோழி ஒருத்தி பிளவுஸ் தைக்கும் கடை திறந்தாள். ஷிப்டு விட்டு வரும் கம்பெனி வேனில், ஒரே ஹாட்ஸ்பாட்டில், பதினொரு பேரும் "சூப்பர் தையல் அக்கா" என்று ஒரே வரியை அவள் பக்கத்தில் போட்டார்கள். வீடு சேர்வதற்குள் பதினொரு கணக்கும் முடங்கிவிட்டது. 'நாங்கள் செய்த தப்பு என்ன?'

ஒன்றும் இல்லை, தாயி. ஒரே மாதிரி இருந்தீர்கள், அவ்வளவுதான். அந்த எந்திரம் என்ன நினைத்ததோ, அதையேதான் நானும் நினைத்தேன். கூடையைக் கவிழ்த்துப் பதினொரு கார்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்றாகப் பதினொரு பதிலும் தனித்தனியாகத் தபாலில் வருகிறது. கையெழுத்து மட்டும் மன்னிக்கவும், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.